தையல் மெஷின் மிதியும் கணினித் திரையும்



லயத்து வீடுகளில் முன்பெல்லாம் ஒரு பொருள் தவறாமல் கண்ணில் படும். முன்வாசல் சன்னலோரத்தில், வெளிச்சம் விழும் இடத்தில், காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று நிற்கும். காலையில் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பி, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சமையலையும் முடித்த பிறகு, நம் தாய்மார்கள் பிற்பகலில் அதன் முன் உட்காருவார்கள். தீபாவளி நெருங்கினால் இரவு பத்து மணிக்கும் அதன் ஓசை கேட்கும். பள்ளிச் சீருடையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாவாடையும் அதில்தான் உருவாயின. இன்று நாம் பேசப் போவது அந்த மெஷினில் தொடங்கிக் கணினித் திரை வரை வந்து சேரும் ஒரு வரலாறு. இயந்திரம் ஒன்றைச் செய்வதற்கு முன்பே அது எப்படி அசையும் என்பதை மனிதன் எவ்வாறு அறியக் கற்றுக்கொண்டான் என்பதே அது.

முதலில் மிதியைக் கவனிப்போம். நம் பாதம் அதன்மேல் மேலும் கீழுமாக ஆடுகிறது. மிதியின் ஓரத்திலிருந்து மெல்லிய கம்பி ஒன்று மேலேறி, பெரிய சக்கரத்தின் அச்சிலிருந்து சற்று விலகிய இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. மிதி ஆடுகிறது, சக்கரமோ சுழல்கிறது. ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் இந்த அமைப்பில் உறுப்புகள் நான்குதான்: மிதி, கம்பி, சக்கரத்தின் மாட்டுக்கை, இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம். இந்த நான்கையும் இணைக்க நான்கு மூட்டுகள். பொறியியலார் இதனை நாற்சட்ட இணைப்பு என்பார்கள்.

சக்கரம் சுழல்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தோல்வார் வழியாக மேலே செல்லும் சுழற்சி, மெஷினின் தலைக்குள் மறுபடியும் ஆட்டமாக மாறுகிறது. ஊசியைத் தாங்கும் தண்டு இரண்டு துளைகளுக்குள் மாட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் அசைய இயலாது. மேலும் கீழும் மட்டுமே அது செல்லலாம். இப்படி ஓர் உறுப்புக்கு ஒரு வழியை மட்டும் விட்டு மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிடுவதையே வழிப்படுத்திய இயக்கம் என்கிறோம். மெர்கோங்கைச் சுற்றியுள்ள வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கும்போது அதன் முன்புறக் கத்தியைப் பாருங்கள். பல்வரிசை போன்ற அந்தக் கத்தி இடமும் வலமுமாக மட்டும் ஓடி நெற்பயிரை அறுக்கும். அதுவும் இதே வகைதான்.

ஓர் உறுப்பை நேராக ஓட வைப்பது எளிய காரியம் என்று நமக்குத் தோன்றலாம். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அது பெரும் தலைவலியாக இருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நீராவி இயந்திரத்தைச் சீர்ப்படுத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டை அது வாட்டி எடுத்தது. அதற்கு முந்தைய நீராவி இயந்திரங்களில் உந்துதண்டு கீழே இழுக்க மட்டுமே செய்தது. ஆகவே தண்டையும், தலைக்கு மேல் ஆடும் பெரிய உத்தரத்தையும் ஒரு சங்கிலியால் பிணைத்தால் போதுமானதாக இருந்தது. வாட், நீராவி இரு பக்கமும் தள்ளும் இயந்திரத்தை அமைத்து 1782ல் காப்புரிமை பெற்றார். இப்போது தண்டு இழுக்கவும் வேண்டும், மேல்நோக்கித் தள்ளவும் வேண்டும். சங்கிலியால் இழுக்கலாம், தள்ள முடியுமா? இரும்புத் தண்டையே உத்தரத்தில் மாட்டலாம் என்றால், உத்தரத்தின் நுனி வில்போல் வளைந்து செல்கிறது, தண்டோ நேராகச் செல்ல வேண்டும். இரண்டையும் அப்படியே பிணைத்தால் தண்டு வளையும் அல்லது உடையும்.

ஊசித்தண்டைப் போலத் துளைக்குள் ஓட விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். நீண்ட இரும்புப் பரப்பைத் துல்லியமாகச் சமப்படுத்தித் தரும் பட்டறை இயந்திரங்கள் அக்காலத்தில் இல்லை. கோணலான பாதையில் ஓடும் தண்டு உராய்ந்தே தேய்ந்துபோகும். அதனால் வாட் வேறு வழி தேடினார். வளைந்து ஆடும் சட்டங்களைக் கொண்டே நேர்கோட்டைப் பிறப்பித்தார். 1784ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து நீளும் இரண்டு கைகளை ஒரு சிறு சட்டத்தால் இணைத்தால், அந்தச் சிறு சட்டத்தின் நடுப்புள்ளி 8 என்ற எண்ணைப்போல ஒரு வளைவை வரைகிறது. அந்த எட்டின் நடுப்பகுதி ஏறத்தாழ நேராக இருக்கும். வாட்டுக்கு அந்த நடுப்பகுதி போதுமானதாக இருந்தது. நீராவி இயந்திரத்தால் உலகப் புகழ் பெற்ற அவர், தாம் செய்த பொறி அமைப்புகளில் இதைப் பற்றித்தான் மிகவும் பெருமைப்படுவதாகப் பிற்காலத்தில் தம் மகனுக்கு எழுதினார்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து மூன்று பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பட்டைகளில் துளைக்கும் துளைக்கும் இடையே 15 சென்டிமீட்டர், மூன்றாவதில் 6 சென்டிமீட்டர். ஒரு பலகையில் முதல் நீண்ட பட்டையின் இடது நுனியைக் குத்தூசியால் மாட்டுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் 30 சென்டிமீட்டரும், அதிலிருந்து கீழே 6 சென்டிமீட்டரும் அளந்து, இரண்டாவது நீண்ட பட்டையின் வலது நுனியை மாட்டுங்கள். நடுவில் எதிர்ப்படும் இரண்டு நுனிகளையும் சிறிய பட்டையால் இணைத்துவிடுங்கள். அந்த இணைப்புகள் பலகையில் ஒட்டாமல் தாராளமாகத் திரும்ப வேண்டும். இனிச் சிறிய பட்டையின் நட்ட நடுவில் துளையிட்டு, பென்சில் நுனியை நுழைத்து மேலும் கீழும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அடிக்கோலின்றி ஒரு நேர்கோடு விழும். மிகவும் மேலே சென்றால் கோடு வளையத் தொடங்குவதையும் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். நம் வகுப்பில் இதைச் செய்தபோது முதலில் கோணிப்போன கோடுதான் வந்தது. துளைகள் பெரிதாகிவிட்டதே காரணம். அளவு பிசகினால் இயந்திரம் பொய் சொல்லும் என்பதை அன்று பிள்ளைகளுக்கு நாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாட் வரைந்தது ஏறத்தாழ நேர்கோடு. முழுமையான நேர்கோட்டைச் சட்டங்களால் வரைய முடியுமா என்ற கேள்வி எண்பது ஆண்டுகள் காத்திருந்தது. பிரெஞ்சுப் படையில் பொறியியல் அதிகாரியாக இருந்த பொசெலியே 1864ல் விடை கண்டார். ஏழு சட்டங்களைக் கொண்ட அவருடைய அமைப்பு அப்பழுக்கில்லாத நேர்கோட்டை வரைந்தது. சில ஆண்டுகள் கழித்து ரஷ்யாவில் லிப்கின் என்பவரும் தாமாகவே அதே விடையைக் கண்டார். 1874ல் கணித மேதை சில்வெஸ்டர் இலண்டனில் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். இதன் மாதிரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த அறிவியல் அறிஞர் வில்லியம் தாம்சன், பெற்ற பிள்ளையைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் தர மனமின்றி இருந்தாராம். பெரிய அறிஞர்களுக்கும் பொம்மை ஆசை உண்டு!

பொம்மை என்று நாம் வேடிக்கையாகச் சொன்னாலும், அந்த மாதிரிகள்தாம் அக்காலத்தின் கணினித் திரை. ஜெர்மனியில் பிரான்ஸ் ரோலோ என்ற பேராசிரியர் இதில் பெருந்தொண்டு செய்தார். அவர் 1875ல் வெளியிட்ட நூல் இயந்திர இயக்கத்தைத் தனி அறிவியலாகவே நிலைநிறுத்தியது. ஓர் இயந்திரத்தை இரும்பாகவோ மரமாகவோ பார்க்காமல், எந்த உறுப்பு எந்த உறுப்புக்கு என்ன வழியை விடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதை மாணவர் கண்ணால் காண்பதற்காகப் பெர்லினில் எண்ணூறுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து வைத்தார். அவற்றின் படிகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1882ல் விலைக்கு வாங்கியது. பித்தளையிலும் இரும்பிலும் செய்த அந்த மாதிரிகள் பெரும்பாலும் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

மாதிரி செய்ய வசதியில்லாதவர் தாளில்தான் வரைய வேண்டும். சக்கரம் பத்துப் பாகை திரும்பினால் கம்பி எங்கே நிற்கும்? இருபது பாகை திரும்பினால்? ஒவ்வொரு நிலையையும் கவராயத்தால் வரைந்து பார்க்க வேண்டும். ஒரு சட்டத்தின் நீளத்தை மாற்றினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். இந்தச் சிரமத்தைக் குறைக்க 1951ல் அமெரிக்காவில் ஹ்ரோன்ஸ், நெல்சன் என்ற இருவர் ஒரு பெரிய தொகுப்பு நூலையே வெளியிட்டார்கள். நாற்சட்ட இணைப்புகள் வரையும் வளைவுகள் ஏழாயிரத்துக்கும் மேல் அதில் அச்சிடப்பட்டிருந்தன. புடைவைக் கடையில் துணி தேர்ந்தெடுப்பதுபோல, பொறியியலார் பக்கம் பக்கமாகப் புரட்டித் தமக்கு ஏற்ற வளைவைத் தேடினார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள்தாம் கடந்தன. 1963ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்ற இருபத்து நான்கு வயது மாணவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். அவர் உருவாக்கிய நிரலின் பெயர் ஸ்கெட்ச்பேட். டிஎக்ஸ் 2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் தொட்டு அதில் படம் வரையலாம். கணினித் திரையில் கோடு போடுவதே அதிசயமாக இருந்த காலம் அது. ஆனால் அவருடைய சாதனை கோடு போட்டதில் அடங்கிவிடவில்லை. இந்தக் கோட்டின் நீளம் மாறக்கூடாது, இந்தப் புள்ளி இடம் பெயரக்கூடாது, இந்த இரண்டு நுனிகளும் பிரியக்கூடாது என்று கணினிக்குக் கட்டளையிட முடிந்தது. பிறகு ஒரு சட்டத்தை ஒளிப்பேனாவால் பிடித்து நகர்த்தினால், மற்றச் சட்டங்கள் கட்டளைகளை மீறாமல் தாமாகவே நகர்ந்தன. திரையின் முன் புகைப்படக் கருவியைச் சிறிது நேரம் திறந்து வைத்து, சட்டத்தின் புள்ளிகள் வரைந்த வளைவுகளையும் படமாக்கித் தம் ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறார். ஸ்கெட்ச்பேடின் பயன்களிலே இந்தச் சட்ட இணைப்புகளை வரைந்து அசைத்ததுதான் அதுவரை மிகவும் சுவையானது என்று அவரே எழுதியுள்ளார். ரோலோ எண்ணூறு மாதிரிகளில் காட்டியதை ஒரே திரையில் காட்டும் காலம் பிறந்துவிட்டது.

அதன் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1982ன் இறுதியில் மேசைக் கணினியில் ஓடும் ஆட்டோகேட் விற்பனைக்கு வந்தது. 1995ல் சாலிட்வொர்க்ஸ் வந்தது. உறுப்புகளை முப்பரிமாணத்தில் வரைந்து, மூட்டுகளால் இணைத்து, சுட்டியால் இழுத்து அசைத்துப் பார்க்கும் வசதி சாதாரணக் கல்லூரி மேசைக்கும் எட்டியது. நம் கெடாவில் 1996ல் தொடங்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் இன்று வேலைக்குப் போகும் இளைஞருக்கு இந்த அறிவு மிகவும் வேண்டியதாகிவிட்டது.

கணினி எப்படி இதைச் செய்கிறது? அதற்கு மிதியும் தெரியாது, சக்கரமும் தெரியாது. எண்ணிக்கைதான் தெரியும். தாளில் கிடக்கும் ஓர் அட்டைப்பட்டைக்கு மூன்று சுதந்திரங்கள் உண்டு: இட வலமாக நகரலாம், மேல் கீழாக நகரலாம், திரும்பலாம். ஒரு குத்தூசி குத்தினால் முதல் இரண்டும் போய்விடும், திரும்புவது மட்டும் மிஞ்சும். தையல் மெஷினில் அசையும் உறுப்புகள் மூன்று. ஆகவே சுதந்திரங்கள் ஒன்பது. மூட்டுகள் நான்கு, மூட்டுக்கு இரண்டாக எட்டுச் சுதந்திரங்கள் பறிபோகின்றன. மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றுதான் நம் பாதத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. மிச்சம் இரண்டாக இருந்தால் மெஷின் தாறுமாறாகத் தொளதொளக்கும். சுழியமாக இருந்தால் அது மெஷின் அன்று, கூரைச் சட்டம்.

இதை நாம் கற்பதற்கு ஒரு மாணவர் காரணமானார். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர், தோட்டத்துப் பிள்ளை. இடைநிலைப் பள்ளியை முடித்து, ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் சேர்ந்தார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்தான். முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை நம் வீட்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றார்.

"நின்னுடலாம்னு இருக்கேன் சார். கூடப் படிக்கிறவங்க எல்லாரும் வீட்டிலேயே கணினி வெச்சிருந்தவங்க. எனக்கு இது வராது."

விசாரித்ததில், நாற்சட்ட இணைப்பு ஒன்றைக் கணினியில் வரைந்து அசைத்துக் காட்ட வேண்டும் என்பது பயிற்சி. இவருடைய படம் மட்டும் அசையவில்லை. விரிவுரையாளரைக் கேட்டதற்கு, இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்ற பதில்தான் கிடைத்ததாம். நமக்கு அந்த மென்பொருள் அப்போது தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்றுத் தந்தது அட்டையும் பசையும் கத்தரிக்கோலும்தான். ஆகவே அவரை அவருடைய வீட்டுக்கே அழைத்துச் சென்றோம். அங்கே பழைய மிதி மெஷின் இன்னும் இருந்தது.

"வாங்க சார், உட்காருங்க" என்று வரவேற்ற அவருடைய தாயார், மகன் மெஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்ததைக் கண்டு திகைத்துப்போனார். கம்பியின் நீளத்தையும் மாட்டுக்கையின் நீளத்தையும் அளவுநாடாவால் அளந்தோம். மூட்டுகளை எண்ணினோம். ஒன்பதில் எட்டுப் போக ஒன்று. பிறகு அவருடைய படத்தில் அவர் கொடுத்திருந்த கட்டளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னோம். நான்கு மூட்டுகளும் சரியாக இருந்தன. ஐந்தாவதாக, வரையும்போது கம்பி சாய்ந்துவிடாமல் இருக்கட்டும் என்று அதன் சாய்வுக் கோணத்தையும் பூட்டி வைத்திருந்தார். மிச்சமிருந்த ஒரே சுதந்திரத்தை அந்தப் பூட்டு விழுங்கியிருந்தது.

பூட்டை எடுத்ததும் படம் அசைந்தது. எனினும் இன்னொரு தொல்லை முளைத்தது. சக்கரத்தை இழுத்தால் மிதி ஒழுங்காக ஆடுகிறது. மிதியை இழுத்தால் சக்கரம் சில வேளை முன்னே செல்கிறது, சில வேளை சட்டென்று பின்னே புரள்கிறது. அப்போது அந்த அம்மாதான் சொன்னார்: "மெஷினும் அப்படித்தானே தம்பி. கையால சக்கரத்தை ஒரு தட்டு தட்டிட்டுத்தான் மிதிக்கணும். இல்லேன்னா பின்னால சுத்தி நூல் சிக்கிக்கும்."

புதிதாகத் தைக்கப் பழகிய எல்லாருக்கும் இது தெரியும். மாட்டுக்கையும் கம்பியும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இரண்டு நிலைகள் உண்டு. அந்த இடத்தில் மிதி எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் எப்பக்கம் திரும்புவது என்பதை அது தீர்மானிக்க இயலாது. ஓடும் மெஷினில் கனத்த சக்கரத்தின் வேகமே அந்த இடத்தைத் தாண்டச் செய்கிறது. கணினியில் நீளங்களை மட்டும் சொன்னோம், சக்கரத்தின் கனத்தைச் சொல்லவில்லை. சொல்லாததை அது எப்படி அறியும்? கனத்தையும் விசையையும் கணக்கில் கொள்ளும் நிரல்கள் தனியாக உண்டு. 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவ்வகை ஆராய்ச்சி வளர்ந்து, ஆடம்ஸ் என்ற நிரல் அதிலிருந்து பிறந்தது. அவற்றுக்கும் உராய்வையும் தேய்மானத்தையும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். எண்ணெய் விடாத மெஷின் கிறீச்சிடும் என்பதைத் திரை தானாகக் காட்டாது. இதனால்தான், திரையில் ஓடிவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்பவரிடம் நமக்கு முழு நம்பிக்கை வருவதில்லை.

அதே சமயம் திரையின் நன்மையைக் குறைத்துச் சொல்லவும் நமக்கு மனமில்லை. ரப்பர் தகடு அழுத்தும் உருளை இயந்திரத்தில் விரல் சிக்கியவரைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். எந்த உறுப்பு எந்த இடத்தில் கையை நெருங்கும், எங்கே ஒன்றோடொன்று மோதும், எங்கே மறைப்பு வைக்க வேண்டும் என்பதை இரும்பை வெட்டுவதற்கு முன்பே இன்று பார்த்துவிடலாம். அந்த உருளைகளைச் செய்தவர்களுக்கு அத்தகைய வசதி இருந்ததில்லை.

அந்த மாணவர் ஞாயிற்றுக்கிழமை இரவு வரை நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து படத்தை முடித்தார். சக்கரத்தை முன்னிறுத்தி ஓட விட்டு, மிதி ஆடுவதைத் தம் தாயாருக்கும் காட்டினார். அம்மா சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மிதி சரி, ஊசி எங்கே?" என்று கேட்டார். மறுவாரம் அவர் கல்லூரியிலிருந்து நமக்கு அனுப்பிய படத்தில் ஊசித்தண்டும் இருந்தது. தலைப்பகுதியின் உள்ளே இரண்டு துளைகளுக்கு நடுவே, மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது.